சல்லடை எந்திரமும் செல்வராணியும்

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போடியில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு வகுப்புக்குப் போனேன். விளக்கு, பொம்மை, எந்திரம் என்று பிள்ளைகளே கையால் செய்து பழகுகிற இடமாம். எட்டு வயதுக் குட்டி திருப்புளியைப் பிடித்த பிடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. சிரிப்பு போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு என்றால் வயர் கூடையும் பூத்தையலும்தான். எனக்கு இரண்டும் வராது. நான் பின்னிய கூடையில் தக்காளி வாங்கினால் பாதி தெருவில் கிடக்கும். அறிவியல் டீச்சர்தான் பள்ளிக்குப் பின்னாலிருந்த ஷெட்டைத் திறந்துவிட்டு, "ஒடைச்சாலும் பரவால்ல, எதையாச்சும் செய்யுங்கடி" என்றார்.

நானும் செல்வராணியும் ஏலக்காய் சலிக்கும் எந்திரம் செய்தோம். ஒரே தெரு, ஒரே பெஞ்சு, உயிர்த் தோழி. பழைய சைக்கிள் ஒன்றைப் பிரித்து, பெடலை மிதித்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சல்லடைகள் ஆடுகிற மாதிரி கட்டினோம். பெருங்காய் மேலே தங்கும், பொடிக்காய் அடியில் விழும். (சைக்கிளை அக்கக்காகப் பிரித்த எனக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது, அதை விடுங்கள்.) போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டிய அவள் ஐயா ஒரு படி காய் கொண்டுவந்து கொடுத்தார். முதல் தடவை காய் தரம் பிரிந்து விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் டீச்சர் பதறி ஓடிவந்துவிட்டார்.

மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்காட்சி வந்தது. எந்திரத்தை ரயிலில் ஏற்றுவதாக ஏற்பாடு. பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல ஒரு பிள்ளைக்குத்தான் இடம். டீச்சர் என் பெயரை எழுதினார். "நீ போனா என்ன, நான் போனா என்ன" என்றாள் செல்வராணி. நம்பினேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது நான் வயசுக்கு வந்துவிட்டேன். வீட்டில் தெரிந்தால் பதினாறு நாள் ஓலைக் குச்சுக்குள் உட்கார வேண்டும். மதுரை அவ்வளவுதான். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"யார்ட்டயும் சொல்லிராதடி. போய்ட்டு வந்து நானே அம்மாட்டச் சொல்லிர்றேன்."

"ஆத்தா மேல சத்தியமா சொல்லமாட்டேன்" என்று என் தலையில் கை வைத்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்து, "பைய வையி. எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

என் துணிமணியைத் துழாவிப் பார்த்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். தாய்மாமன் குச்சு கட்டினார். உளுந்தங்களியைத் தட்டோடு தள்ளிவைத்தேன். செல்வராணி மதுரைக்குப் போனாள், பரிசு வாங்கினாள், குச்சு வாசலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள். எவ்வளவு நல்லவள் என்று நானே அவளைத் தேற்றினேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

அன்றோடு அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்தினேன். கல்யாணமாகி ராசிங்காபுரம் போன பிறகும் கேட்டதற்கு மட்டும் பதில். அம்மா ஏதாவது பலகாரம் செய்துகொண்டு பஸ்சில் வருவாள், வைத்துவிட்டுப் போவாள். முப்பது வருசத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அம்மாவின் கருமாதிக்கு வந்த செல்வராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒங்க அம்மாட்ட நாந்தான் சொன்னேன். எனக்கும் மதுரை போகணும்னு ஆசையா இருந்துச்சுடி. 'நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க அத்தே, அப்பறம் எங்கூடப் பேசமாட்டா'ன்னு கெஞ்சுனேன். கடைசி வரைக்குமா சொல்லல?"

பாவி! அவளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் அவளோடு பேச்சில்லை.

அந்த ஷெட்டை இடித்து வகுப்பறை கட்டிவிட்டார்கள். எந்திரம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. அதெல்லாம் போகட்டும். செல்வராணியைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அம்மாவை நினைத்தால்தான் ஆறவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்த வாக்குக்காக, என் வெறுப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்கு அந்த ஒரு சிநேகிதியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாளா? கேட்கலாம் என்றால் அம்மா இல்லை.