மேட்டுத் தெருவுக்கு ஒரு டேங்க்

என் கணவருக்குக் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் பேரூராட்சி மன்றக் கூட்டம் இருந்தது. நான் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதே மாதிரிதான் இருந்திருக்கும். புடவையை மாற்றிக்கொண்டு, பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பெயர் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் நான் கவுன்சிலர் ஆனேன். நின்றது நான், வேலை பார்த்தது அவர். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு அவர் மேஸ்திரி. வேலை முடிந்து வந்ததும் தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி என்று அலைவார். கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் பெண் கவுன்சிலர்களின் கணவர்களோடு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தீர்மானத்தைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை.

அன்று முதல் முறையாகப் படித்தேன். பின்வரிசையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

ஊரின் குடிநீர்க் குழாய்களைப் புதுப்பிக்க அரசிடம் நிதி கேட்டுத் திட்ட அறிக்கை அனுப்புவது என்பது அன்றைய தீர்மானம். எந்தெந்தத் தெருவுக்குப் புதுக் குழாய், எங்கே வால்வு என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் இருந்தது. இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தேன். எங்கள் மேட்டுத் தெரு அதில் இல்லை.

மேட்டுத் தெருவில் ஆறு ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அதுவும் நூல் மாதிரி. குழாய் தரைக்கு மேலே இருந்தால் வராது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் தாழ்த்தி, குடத்தைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி மாசமாக இருந்தபோதுகூட அந்தக் குழிக்குள் இறங்கித்தான் தண்ணீர் பிடித்தாள். போர் தண்ணீர் உண்டு. ஆனால் ஒரு மாதத்தில் பாத்திரத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். சோறும் ஒரு மாதிரி மஞ்சளாக இருக்கும்.

நான் எழுந்து நின்று கேட்டேன். கூட்டத்தில் நான் பேசியது அதுவே முதல் தடவை.

"மேட்டுத் தெரு இதுல இல்லைங்களே?"

தலைவரம்மா இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "மேடம், இப்ப இருக்கிற டேங்க் பள்ளத்துல இருக்கு. அங்கேருந்து மேட்டுக்குத் தண்ணி ஏறாது. புதுக் குழாய் போட்டாலும் ஏறாது. மேட்டுலயே தனியா ஒரு டேங்க் வேணும். அதுக்கு இடம் வேணும். அங்க புறம்போக்கு ஒரு சென்ட்கூட இல்லை."

"இடம் இருந்தா?"

"இருந்தா சேத்துடலாம். ஒரு அஞ்சு சென்ட் போதும். ஆனா வெள்ளிக்கிழமை அறிக்கை போயாகணும்."

"இருக்கு," என்றேன்.

ஆஜர் சொல்வதுபோலத்தான் சொன்னேன். யாருடைய இடம் என்று தலைவரம்மா கேட்டார். என்னுடையது என்றேன். அந்த இடம் எதற்காக வாங்கியது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேட்டுத் தெருவின் கடைசியில், ஊரிலேயே உயரமான இடத்தில், ஐந்தரை சென்ட். வீடு கட்டுவதற்காக என் பெயரில் அவர் வாங்கியது. பதினாறு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். கருங்கல் இறக்கி, அஸ்திவாரம் போட்டு, தரைமட்டம் வரைக்கும் எழுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நின்றுகொண்டு, "இது ஹால், இது பாப்பா ரூம்" என்று காலடி வைத்து அளப்பார். கம்பி விலை விசாரிக்கப் பெரம்பலூர் போன அன்றுதான், கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பாக்கெட்டில் கம்பியின் அளவுகள் எழுதிய சீட்டு இருந்தது. அதை என் கையில் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே என் கொழுந்தனார் வந்துவிட்டார். அவருக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, கேள்விப்பட்டது நெசந்தானா?"

"ஆமா."

"அண்ணன் போயி முழுசா ஒரு மாசம் ஆகல. கல்லு கல்லாப் பாத்துக் கட்டுனாரு. நான்தானே கூட நின்னு தண்ணி ஊத்துனேன். ஊருக்குத் தூக்கிக் குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு மனசே இல்லையா?"

மனசு இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் மகள் அப்போது பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது. போனில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"இல்ல."

"சரி," என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு பல மாதம் அவள் என்னிடம் 'சாப்பிட்டேன்', 'ஃபீஸ் கட்டணும்' என்பதற்கு மேல் பேசவில்லை.

ஊரில் அதைத் தியாகம் என்றார்கள். தெருப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று எழுதும்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை நினைத்து மட்டும் நான் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. வாடகை வீட்டு வாசலில் நின்றால் தெருக்கோடியில் அந்த அஸ்திவாரம் தெரியும். கட்டி முடிக்க என்னால் ஆகாது. விற்றால் வேறு யாரோ அதன் மேல் ஹாலும் ரூமும் கட்டுவார்கள். அது இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இன்ஜினியர் இடம் கேட்டார், வாய் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

பத்திரம் பதியப் போன இடத்தில் கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். விரல் ரேகை பதியவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், மறுபடியும் பதியவில்லை. வேறு விரல், அப்புறம் வேறு விரல். "விருப்பத்தோட குடுக்கறீங்களா?" என்று கேட்டார் பதிவாளர். ஆமாம் என்றேன். பேரூராட்சி செயல் அலுவலர் பெயருக்கு இடம் மாறியது. வெளியே வந்ததும் தலைவரம்மா எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அறிக்கையில் சேர்க்க, தெருவில் தண்ணீர் எப்படி வருகிறது என்ற விவரமும் வேண்டும் என்றார் இன்ஜினியர். தண்ணீர் வந்த ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை நான் குழிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பார்த்து நோட்டில் எழுதினேன். என் வாசலில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. கடைசி மூன்று வீட்டுக்கு வரவே இல்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. குடத்தைப் பார்ப்பது, எழுதுவது. வேறு எதுவும் நினைக்க வேண்டியதில்லை.

அறிக்கை போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. சர்வே எண்ணின் உட்பிரிவு வரைபடத்தில் விட்டுப்போயிருந்தது. திருத்தி அனுப்பினோம். மறுபடியும் வந்தது. இந்த முறை மண் பரிசோதனைச் சான்று இல்லை. தலைவரம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் ஃபைலை எடுத்துக்கொண்டு அரியலூருக்கு அலைகிற வேலை எனக்கு வந்தது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற அந்த பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு நாள் அங்கே ஓர் ஆபீஸில், நடுவயசு கிளார்க் ஒருவர் ஃபைலைப் பார்த்ததும் சிரித்தார்.

"அந்த ஊரா? மேஸ்திரி சார் வரலையா? அவர் வந்தா மொத வேலையா எங்களை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போவாரு."

"அவரு செத்துப் போயிட்டாருங்க. நான் அவரு வூட்டுக்காரிதான்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை மேல் இருந்த பேப்பர்களை அடுக்கினார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. "உக்காருங்க சார், இதுல எங்க சீல் வேணும்னு மட்டும் சொல்லுங்க," என்றேன். அன்று அவரே மூன்று மேஜைகளுக்கு ஃபைலை எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கித் தந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஓர் அம்மா ஏறி, என் பக்கத்து இருக்கையைக் காட்டிக் கேட்டார்.

"யாராச்சும் வராங்களாம்மா?"

"ஆமா," என்றேன்.

அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் காய்கறிப் பை வேறு. நாலைந்து கிலோமீட்டர் போன பிறகுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். என் பையை அதன் மேல் வைத்திருந்தேன். என் கணவரோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம், அவர் டீ குடித்துவிட்டு ஓடி வந்து ஏறும்வரை, நான் இப்படித்தான் இடம் போட்டு வைப்பேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா, யாரும் வரல," என்றேன். அந்த அம்மா உட்கார்ந்து என்னை முறைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஊர் வருவதற்குள் அது தானாக நின்றுவிட்டது. இறங்கி, ஃபைலைச் செயல் அலுவலரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நிதி ஒதுக்கீடு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கேட்டதில் கொஞ்சம் குறைத்துத்தான் வந்தது, ஆனால் மேட்டுத் தெரு டேங்க் அதில் இருந்தது. தலைவரம்மா கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார். கைத்தட்டல் ஓய்ந்ததும் அடுத்த தீர்மானத்துக்குப் போனோம். சந்தைக்கடை ஏலம்.

பிறகு ஜேசிபி வந்தது. நான் அங்கேதான் நின்றேன். அது முதல் கல்லைப் பெயர்க்கும்போது ஏதாவது ஆகும் என்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தூசு பறந்தது. ஓட்டுகிறவர் இறங்கி வந்து கேட்டார்.

"அக்கா, கல்லெல்லாம் நல்ல கல்லா இருக்கு. எங்க போட?"

"எங்கியாச்சும் போடுங்க தம்பி."

அப்போது என் கொழுந்தனார் ஒரு டிராக்டரோடு வந்தார். என்னோடு பேசவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தூக்கி டிரெய்லரில் அடுக்கினார். மூன்று நடை எடுத்துப்போய், தன் வீட்டுக் கொல்லையில் இறக்கிவைத்தார். இன்று வரைக்கும் அந்தக் கல்லில் அவர் எதுவும் கட்டவில்லை. என் வீட்டுக்கும் வருவதில்லை. பொங்கலுக்கு மட்டும் அவர் பெண்டாட்டி வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போகிறாள்.

டேங்க் எழும்ப எட்டு மாதம் ஆனது. தெருவில் குழிகளை மூடினார்கள். தண்ணீர் விட்ட அன்று வெயில் நேரம். முதலில் காற்றுதான் வந்தது, குழாய் இருமியது, செம்மண் கலந்து கொஞ்சம் கொட்டியது, அப்புறம் தெளிந்தது. என் வீட்டுக் குழாயில் குடம் ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பியது. அண்டா, தவலை, வாளி, குக்கர், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் பிடித்தேன். பாத்திரம் தீர்ந்துபோனது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குழாயை மூட வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. அப்படி ஒரு வேலையை நான் அதுவரை செய்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து மூடினாள்.

"அக்கா, இனிமே தெனம் வருமாம். எதுக்கு இத்தனை புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். டேங்கை நின்று பார்க்கவில்லை. வந்ததும் ஹாஸ்டல் துணி மூட்டையைப் பிரித்து வாசலில் போட்டுத் துவைக்க உட்கார்ந்தாள். மூன்று தடவை அலசினாள். எங்கள் தெருவில் யாரும் ஒரு துணியை மூன்று தடவை அலசியதில்லை. நான் பக்கத்தில் நின்று பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன்னைக் கேட்டிருக்கணும்," என்றேன்.

"ஆமா. கேட்டிருக்கணும்."

தலையைத் தூக்காமல் ஒரு சுடிதாரைக் கும்மினாள். அதை அலசி என்னிடம் பிழியக் கொடுத்துவிட்டு, "கேட்டிருந்தா குடுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். பிறகு கையை நீட்டி, "அந்த வாளிய இப்படித் தள்ளும்மா," என்றாள். தள்ளினேன்.