இங்கன, இவிடெ, ஒரு தொந்தி நிழல்

சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர் பத்து ஜோடி சக்கரச் செருப்புகளை விட்டுப் போனார். தேவாரத்துக் காப்பிக் கிடங்கில் குமாஸ்தாக்களாக இருந்த எங்களுக்கு ஐந்து ஜோடி. தேனிப் பஞ்சாலை ஆபீஸ்காரர்களுக்கு ஐந்து. அவற்றை மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுவோம், ஆனால் ஐந்தை வைத்துக்கொண்டு எதிரணி நிறுத்திப் பழக முடியாது. எனவே ஒரே ஆட்டம், தோற்றவர்கள் தங்கள் ஐந்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று இரு தரப்பும் பேசி முடித்தோம்.

ஆவணி மாதத்து ஞாயிறு, மாலை நான்கு மணி. காப்பிக்கொட்டை காயப்போடும் எங்கள் சிமெண்ட் களத்தை நானே நாடா பிடித்து அளந்தேன்: நீளம் நாற்பது கஜம், அகலம் இருபத்திரண்டு. அணிக்கு ஐவர். கோலில் ஒருவர், காவலுக்கு இருவர், அதில் ஒருவர் கிடங்கில் மூட்டைகளை நிறுக்கும் தொந்தி பெருத்த எடைக்காரர், தாக்குவதற்கு நானும் என் மனைவியின் தம்பியும்.

இரும்புச் சக்கரங்களின் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும், அதுவும் யார் குரல் என்று பிரித்தறிய முடியாது. குனிந்து பந்தைப் பார்த்தபடி விரைபவனுக்குத் துணையாள் எங்கே என்று சொல்வது குரல்தான். பந்து வேண்டியவன் "இங்கன!" என்று கத்துவான், குரல் வந்த பக்கம் பந்தைத் தள்ளிவிடுவோம். ஓராண்டாக எங்கள் தாக்குதல் முழுவதும் இதுவே.

முதல் பாதியில் அதுவே எங்களைக் கவிழ்த்தது. வலப்பக்கம் "இங்கன!" கேட்டு மைத்துனர் தள்ளினார். அங்கே நின்றவர் பஞ்சாலை அணித் தலைவர். அவர்களும் இதே பள்ளத்தாக்குக்காரர்கள், அவர்கள் வாயிலும் அதே சொல்! இருமுறை இப்படி ஏமாந்தோம், இரண்டு கோல்.

"கூப்ட்டவுடனே குடுக்குறீகளே பங்காளி! இன்னொண்ணு கெடைக்குமா?" என்றார் தலைவர்.

இடைவேளையில் மைத்துனர் மட்டையை வீசினார். "அவுகளும் இங்கன, நாமளும் இங்கன. எவன் கத்துறான்னு எனக்கென்ன தெரியும் மச்சான்?"

"காப்பி எடுக்க மலையாளத்து மலைக்குப் போய் வர்ற நமக்கு மலையாளம் தெரியும்ல மாப்ளே? 'இவிடெ'ன்னு கத்துறேன், குடு. 'இங்கன'ன்னு யாரு கத்துனாலும் குடுக்காத."

பலித்தது! நான் "இங்கன!" என்று கத்தி இடப்புறம் விரைந்தேன், அவர்களுடைய காவலர் இருவரும் என்னோடு வந்தார்கள், மைத்துனர் நடுவே புகுந்து கோல் அடித்தார். அடுத்தது "இவிடெ!" என்று கேட்டு வாங்கி நான் போட்டது. இரண்டுக்கு இரண்டு.

தலைவருக்குப் பொறி தட்டிவிட்டது. "ஏலே, இவிடென்னு கத்துறவன அமுக்குங்கலே!" என்றார். தாமே "இவிடெ! இவிடெ!" என்று கூவவும் தொடங்கினார்.

கடைசி நிமிடம். மேற்கு மலை மேல் வெயில் சாய்ந்திருக்க, நாங்கள் கிழக்குக் கோலை நோக்கிப் பாய்ந்தோம். பந்து மைத்துனரிடம். இடப்புறம் நான் "இவிடெ!" என்றேன், காவலர் இருவரும் என் மேல் விழுந்தார்கள். வலப்புறம் தலைவர் "இவிடெ!" என்றார். மைத்துனர் இரண்டு குரலையும் விட்டுவிட்டு, யாருமே கத்தாத நடுவில் பந்தைத் தள்ளினார். காவலை விட்டுக் குரல் கொடுக்காமல் ஏறி வந்திருந்த எடைக்காரர் ஓங்கி ஒரே அடி. கோல்! நான் மட்டையை மேலே எறிந்தேன்; அது என் முதுகிலேயே விழுந்தது.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு மாப்ளே?"

"தரையில நெழலு வந்துச்சு மச்சான். அந்தத் தொந்தி அவுக அணியில யாருக்கு இருக்கு?"

பஞ்சாலைக்காரர்கள் வார்களை அவிழ்த்து ஐந்து ஜோடியையும் கொடுத்தார்கள். தலைவர் கடைசிச் செருப்பைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "அடுத்த ஞாயிறு பழக ஆள் வேணும்ல? எங்கன வரட்டும்?"

"இவிடெ!" என்றோம் ஐவரும்.