டாப் மாடல் டி.வி.யில் அஞ்சலை போட்ட கோடு

1. காலை ஒன்பதரை மணி வேலை

கடையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை, நல்ல டி.வி.யைக் கெட்ட டி.வி.யாகக் காட்டுவது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கடை. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க டி.வி. மாட்டியிருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ரிமோட்டுகளை அள்ளிக்கொண்டு அந்தச் சுவருக்குப் போக வேண்டும். விலை கூடின செட்டில் வெளிச்சம், கலர் எல்லாவற்றையும் உச்சத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் விலை குறைந்த செட்டில் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். விலை கூடினதில் கம்பெனி கொடுத்த டெமோ ஓடும்: பச்சைக்கிளி, பனிமலை, கரண்டியிலிருந்து வழியும் தேன். குறைந்ததில் லோக்கல் கேபிள். அதையும் ஒரே ஒயரிலிருந்து நாலைந்து செட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். படம் ஜுரம் வந்த மாதிரி இருக்கும்.

"இது ஏமாத்து வேலை இல்லையா சார்?" என்று மேனேஜர் முரளி சாரைக் கேட்டேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடறதில்லையா கலா? அதுமாதிரிதான் இது."

"பக்கத்துல நிக்கிற பொண்ணு மூஞ்சில கரி பூசறதில்லையே சார்."

அன்றிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரை அப்படித்தான். இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்க வருகிறவர்கள் படித்தாலும் எனக்கு நஷ்டமில்லை.

2. நல்லூர் ஃப்ரிட்ஜ்

சமீபத்தில் நல்லூரிலிருந்து ஒரு விவசாயி ஃப்ரிட்ஜ் வாங்க வந்தார். மக்காச்சோளம் போட்டவர், நல்ல மகசூல் என்று முகத்திலேயே தெரிந்தது. முரளி சாருக்கும் தெரிந்துவிட்டது. நேராக இன்டர்நெட் வைத்த ஃப்ரிட்ஜிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்க வயல்ல இருந்துகிட்டே செல்லுல இத கன்ட்ரோல் பண்ணலாங்க. ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம்."

"ஃப்ரிட்ஜ எதுக்குங்க ஆஃப் பண்ணணும்?" என்றார் அவர்.

சார் உடனே, "கலா, சாருக்கு டீட்டெயில் சொல்லு" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். நான் சொன்னேன்: "அண்ணே, ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற வெண்டைக்கா உங்ககிட்ட போன்ல பேசப்போறதில்ல. கம்ப்ரசருக்கு எத்தன வருஷம் வாரண்டி, ரிப்பேர்னா ஆளு எங்கேருந்து வருவான், இந்த ரெண்டையும் கேளுங்க. கையோட ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிட்டுப் போங்க."

அவர் அப்படியே செய்தார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நின்று முரளி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கூப்பிட்டார். கடை நடுவில் தனி மேடையில் ஒரு டாப் மாடல் டி.வி. நின்றது. அறுபத்தைந்து இஞ்ச். விலையைக் கேட்டவர்கள் "பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அதே இடத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, டெமோ படத்துக்குக் கீழே 'இன்றே வாங்குங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு பட்டியையும் சார் போட வைத்திருந்தார். கிளி பறந்தாலும் தேன் வழிந்தாலும் அந்த எழுத்து மட்டும் அசையாது.

"நீ எல்லாருக்கும் நியாயம் சொல்றவளாச்சே. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இத வித்துக் காட்டு. இல்லன்னா திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு வேப்பூர் பிராஞ்சு."

வேப்பூர் பிராஞ்சு என்றால் என்னவென்று எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரியும். பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்னக் கடை. பஸ்ஸை நிறுத்துவார்கள், டீ குடிப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். டி.வி. வாங்குவதற்காக எவனும் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டான். வியாபாரம் இல்லாததால் இன்சென்டிவ் கிடையாது. கடை மூடிய பிறகு ஊர் திரும்ப பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே போனவர்கள் மூன்று பேர், மூன்று பேருமே தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். போ என்று சொல்லாமல் போக வைக்கிற வழி அது. என் வீட்டில் சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.

"இன்னொண்ணு," என்றார் சார். "டெமோ பீஸுன்னு வாயத் திறக்காத. அதோட பெட்டி கோடவுன்ல பத்திரமா இருக்குது. அதுல போட்டு டேப் ஒட்டி அனுப்பிடலாம். புது பீஸு."

3. ஒரே லைட்டு

ஞாயிற்றுக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். பதினோரு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் கலியபெருமாள், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த அம்மா பேர் அஞ்சலை, செராமிக் யூனிட்டில் சார்ட்டிங் வேலை. சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு கப்பையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, குத்தம் இல்லாதது ஃபர்ஸ்ட், இருக்கிறது செகண்ட்ஸ் என்று பிரிக்கிற வேலை.

கலியபெருமாள் டாப் மாடல் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"இந்தா அஞ்சல, அந்தத் தேன பாரேன். நக்கலாம் போல இருக்குது."

"நக்கிட்டு வா, வூட்டுக்குப் போலாம்."

முரளி சார் பறந்து வந்தார். "டாப் மாடல் சார். இதுல பாத்துட்டா வேற எந்த டி.வி.யும் கண்ணுக்குப் பிடிக்காது."

"புதுசுதான?" என்று அஞ்சலை கேட்டார்.

"புது பீஸ் மேடம். பெட்டியோட வரும்," என்று சொல்லிவிட்டு சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அஞ்சலை இந்த டி.வி.யைப் பார்த்தார், சுவரில் இருந்த சாதாரண டி.வி.யைப் பார்த்தார், மறுபடியும் இதைப் பார்த்தார். "ஏம்மா, இதுல ஒரு படம் ஓடுது, அதுல ஒரு படம் ஓடுது. இத வெச்சி எப்பிடிப் பாக்கறது? எங்க யூனிட்டுல ரெண்டு கப்பயும் ஒரே லைட்டுக்குக் கீழ வெச்சித்தான் பாப்போம். ரெண்டுலயும் ஒண்ணையே போடு. வெள்ளையா எதனா இருந்தா போடு. வெள்ளையிலதான் குத்தம் தெரியும்."

"வெள்ளையப் பாக்கவா மேடம் டி.வி. வாங்கறீங்க?" என்று சார் சிரித்தார்.

சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் மறந்துவிட்டுப் போன பென் டிரைவ் என் மேஜையில் இருந்தது. திரையைச் சோதிக்க வெறும் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று படங்கள் அதில் உண்டு. கஸ்டமர் கேட்டதைச் செய்வது என் வேலை. சார் வாயைத் திறப்பதற்குள் சாதாரண டி.வி.யில் செருகி, கறுப்பும் வெள்ளையும் போட்டேன். அப்படியே அதன் வெளிச்சத்தையும் டாப் மாடலுக்குச் சமமாக ஏற்றிவிட்டேன். ஜுரம் போய் எழுந்து உட்கார்ந்த மாதிரி பளிச்சென்று ஆனது.

அஞ்சலை கிட்டே போய்ப் பார்த்தார். "மூலையில லேசா மங்கல். வேற ஒண்ணும் இல்ல."

சாருக்குச் சந்தோஷம். "அதான் சொன்னேன் மேடம். இப்ப டாப் மாடல பாருங்க!"

பென் டிரைவைப் பிடுங்கி டாப் மாடலில் செருகினேன். முதலில் கறுப்பு, பிறகு திரை முழுக்க வெள்ளை. அஞ்சலை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"இங்க என்னமோ எழுதியிருக்குதே."

எல்லோரும் குனிந்தோம். சாம்பல் நிறத்தில், நிழல் மாதிரி. அஞ்சலை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்: "இன்றே... வாங்குங்கள்."

இந்த வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். ஒரே எழுத்தை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஓட விட்டால் அந்த இடம் மட்டும் தேய்ந்து, தடம் பதிந்துவிடும். அதே டெமோவை ஓட்டினாலும் சாதாரண டி.வி.க்கு அவ்வளவு சீக்கிரம் இந்த வியாதி வராது. இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"படத்துல அம்மா செத்துப்போற சீன்லயும் இது தெரியுமா?" என்று கலியபெருமாள் கேட்டார்.

"வெளிச்சமான சீன்ல செத்தா தெரியும்ணே," என்றேன்.

4. கைப்பழக்கம்

அதற்குப் பிறகு நடந்தது இந்த ஊரில் மட்டும்தான் நடக்கும். ஆஃபர் எழுதுகிற நீல மார்க்கர் பக்கத்து மேஜையில் கிடந்தது. அஞ்சலை அதை எடுத்தார். டி.வி.யின் பின்பக்கம் போனார். சர்ரென்று பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

யூனிட்டில் குத்தம் கண்ணில் பட்டதும் கப்பைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே அடியில் கோடு போட்டுவிட வேண்டுமாம். போடாவிட்டால் ஃபர்ஸ்ட்டோடு கலந்துவிடும். ஒரு செகண்ட்ஸ் கலந்து போனாலும் பெட்டி மொத்தமும் திரும்பி வரும். இத்தனை வருடமாக அதைச் செய்த கை, கடை என்று பார்க்கவில்லை.

"அடியே! கடை சாமான்ல கோடு போட்டுட்டியே!" என்று கலியபெருமாள் தலையில் கை வைத்தார்.

"என்னாங்க இது அநியாயம்!" என்று முரளி சார் கத்தினார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "இனிமே இத எவன் வாங்குவான்? புது பீஸ நாசம் பண்ணிட்டீங்க. நீங்கதான் எடுத்துக்கணும். முழு விலை!"

அஞ்சலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "தப்புதாங்க. கைப்பழக்கம். தெரியாம..." என்று மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கலியபெருமாள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அந்த விலைக்கு அவர் ஆட்டோவையே விற்க வேண்டும்.

நான் சும்மா நின்றிருந்தால் போதும். பயந்துபோய் எப்படியாவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். டி.வி. விற்றிருக்கும், வேப்பூரும் இல்லை. பத்து விநாடி சும்மாதான் நின்றேன். பொய் சொல்லவில்லை, பத்து விநாடியும் என் வீட்டைப் பற்றித்தான் யோசித்தேன். ஆனால் 'புது பீஸ்' என்று அவர் மறுபடியும் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தக் கோட்ட தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும். முன்னாடி இருக்கிற எழுத்த எதப் போட்டுத் துடைப்பீங்க? ஒரு வருஷமா ஓடின டெமோ பீஸு இது. பெட்டி கோடவுன்ல காலியா கிடக்குது."

சார் முகத்தில் வேப்பூர் தெரிந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அப்ப இது செகண்ட்ஸா? செகண்ட்ஸ் ரேட்டு என்னா?"

கேட்டவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா கடை வைத்திருப்பவர். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. செராமிக் யூனிட்டுகள் நிறைந்த எங்கள் ஊரில் பாதி வீட்டில் டீ குடிப்பது செகண்ட்ஸ் கப்பில்தான். கைப்பிடி லேசாகக் கோணலாக இருக்கும், மேலே பளபளக்கிற கிளேஸ் பூச்சில் ஒரு புள்ளி இருக்கும், விலை பாதி. செகண்ட்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டால் இங்கே யாரும் ஒதுங்க மாட்டார்கள், கிட்டே வருவார்கள்.

"நானும்தான் கேக்கறேன்," என்றார் ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர். "மண்டபத்துல வெச்சா யாரு உத்துப் பாக்கப்போறான்?"

"மொதல்ல கேட்டது நானு," என்றார் பரோட்டா கடைக்காரர். "எங்கடையில மேட்ச்சு ஓடணும், அம்மாந்தான். இன்றே வாங்குங்கள்னு தெரிஞ்சா எனக்கு நல்லதுதானய்யா! ரெண்டு பரோட்டா சேத்து வாங்குவான்."

சார் முதலாளிக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் விலையை ஏற்றினார்கள். ஒரு வருடம் டாப் மாடலாக நின்று விற்காதது, செகண்ட்ஸாகிப் பத்து நிமிடத்தில் போய்விட்டது. வாங்கின பரோட்டா கடைக்காரரே கோட்டைத் துடைக்க வேண்டாம் என்றார்.

கலியபெருமாளுக்கு மட்டும் ஏக்கம். "நம்ம ஆளு கண்டுபிடிச்சது, கடைசில அந்தாளு கொண்டுபோறான்."

"இந்தாய்யா, நல்லா கேட்டுக்க," என்றார் அஞ்சலை. "அதுல கறுப்பு நல்ல கறுப்பா இருக்குது. இதுல அப்பிடி இல்ல. வித்தியாசம் இல்லன்னு நான் சொல்லல. ஆனா நீ காலையில நியூஸ போட்டா தூங்கற வரைக்கும் மாத்த மாட்ட. மூலையில சேனல் பேரு, கீழ பட்டி, அத்தனையும் அதுல பதிஞ்சிடும். ஃபர்ஸ்ட்டு காசக் குடுத்து வாங்கி, வூட்டுல வெச்சி நாமளே அத செகண்ட்ஸ் ஆக்கணுமா?"

சாதாரண டி.வி.யைப் பெட்டியைப் பிரித்து, வெள்ளை போட்டுப் பார்த்து, வாங்கிக்கொண்டு போனார்கள். மார்க்கரை நான் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவிட்டேன்.

5. திங்கட்கிழமை

மறுநாள் முதலாளி வந்தார். முரளி சார் என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். கஸ்டமர் முன்னால் எதிர்த்துப் பேசினேன் என்றார், கடை மானத்தை வாங்கினேன் என்றார், வேப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்றார். முதலாளி வியாபாரி. அவர் கேட்டது ஒன்றுதான்.

"வருஷமா போவாதது எப்பிடிம்மா போச்சு?"

"குத்தத்த சொல்லி வித்தோங்க," என்றேன்.

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "முரளி, வேப்பூருக்கு யாரையும் அனுப்ப வாணாம். அங்க தேங்கிக் கிடக்கிற டெமோ பீஸு நாலையும் இங்க கொண்டாரச் சொல்லு. கலா பாத்துக்கட்டும்."

பதினோரு வருடமாக விலை கூடின சாமான் எல்லாமே பித்தலாட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. அந்தக் கறுப்பு உண்மையிலேயே நல்ல கறுப்பு. லைட்டை அணைத்துவிட்டு ராத்திரி ஒரு படம் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு அந்தக் காசு தகும். நாள் முழுக்க நியூஸ் ஓடுகிற வீட்டுக்குத் தகாது. பொருள் ஒன்றுதான், வீடுதான் வேறு. தினம் அரைக்கிற மிக்சிக்குக் கூடுதல் விலை கொடுங்கள், மோட்டார் உழைக்கும். ஃப்ரிட்ஜிடம் பேசுவதற்குக் கொடுக்காதீர்கள். ரிப்பேர் செய்ய ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறானா, சென்னையிலிருந்து போர்டு வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்காமல் எதற்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கடையில் இரண்டு செட்டைக் காட்டினால் இரண்டிலும் ஒரே படத்தைப் போடச் சொல்லுங்கள். போட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிதான் பேசுவோம். நானும் கடையில் சம்பளம் வாங்குகிறவள்தான், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.