படைக்காத பொங்கல்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்தேன். ஞானஸ்நானம் வாங்கி எட்டு மாதம். சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆத்தூரில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்த, என்னைப் பெற்று வளர்த்த அய்யா மட்டும்தான் என்னை விடவில்லை. வேதக்கோயிலிலும் நான் புது ஆள். அறைக்குத் திரும்பினால் பேச்சுத் துணைக்குப் புத்தகம்தான்.

பங்குச் சாமியாரின் அலமாரியில் ஆதித் திருச்சபை வரலாறு இருந்தது. முதல் பாகத்தை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். இரண்டாம் பாகத்தை எடுத்து வந்தேன். அதில் ஆப்பிரிக்கக் கரைக்காரர் ஒருவர், கோபக்கார ஆசிரியர். கிரேக்க ஞானத்துக்கும் வேதத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது அவர் கட்சி. அற்பனுக்கு வாழ்வு வந்த கதைதான். பழையது எதுவும் ஆகாது என்று அந்தக் கட்சியில் குதித்துவிட்டேன்.

பொங்கலன்று அய்யா தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் வந்தார். “அம்மனுக்குப் படைச்சது. சூட்டோட சாப்பிடு அப்பு.”

“படைச்சதைத் தொடமாட்டேன் அய்யா” என்றேன். அதோடு விட்டேனா? கிரேக்கத் தத்துவம் ஏன் ஆகாது என்று அந்த வெங்காயக்காரருக்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

“அம்புட்டுப் படிச்சவன் சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்” என்று சட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஐப்பசி மழையில் முதல் பாகம் கைக்கு வந்தது. அதிலும் ஓர் ஆசிரியர். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தத்துவவாதிகளின் மேலங்கியைக் கழற்றாதவர். இறை வார்த்தையின் விதை எல்லா மனிதருக்குள்ளும் விழுந்திருக்கிறது, அதன்படி வாழ்ந்த பழைய கிரேக்க ஞானிகளும் நம்மவர்களே என்றவர். படைத்த சோற்றை அவரும் ஒப்பவில்லைதான். ஆனால் தன்னை வளர்த்தவர்களை அவர் உதறவில்லை. நான் உதறியிருந்தேன். அட பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அய்யா கொண்டுவரும் எதையும் இனித் தள்ளுவதில்லை என்று முடிவு செய்தேன். உடனே ஒரு கார்டு போட்டிருக்கலாம். வீம்பு, போடவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் வந்தார். “இது சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாலயே எடுத்தது. ஊரே ஏசி வஞ்சுச்சு. நீ தைரியமாச் சாப்பிடு.”

“எதுக்குய்யா? படைச்சதையே சாப்பிட்டிருப்பேனே! நான் மனசு மாறி மூணு மாசமாச்சு.”

அய்யாவின் முகம் செத்துவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அப்பு? ஆத்தாளுக்கு முந்திக் கை வச்சுட்டேனே.”

நான் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. அம்மன் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் காலில் விழவேண்டிய நான், அவர் விட்டுப்போன சட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன்.