யூஜெனின் மாதுளை

சீனாவின் தியேஷிச்சியாவ் சந்தையில் படுக்கை விரிப்புக் கடை வைத்திருக்கும் கூ யூஜெனுக்கு வாய் நீளம், கைவேலை அதைவிட நேர்த்தி. தலையணை உறை தைக்க வந்தவள், தானே வரையக் கற்றுக்கொண்டு கடை போட்டாள். அந்த வருஷம் கல்யாண விரிப்புக்காகத் தன் வீட்டு மாதுளை மரத்தை வரைந்தாள். துணியில் அச்சடிக்க அனுப்பும் முன் சந்தையிலேயே இருந்த பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், ஓவியத்தையும் மரத்தின் போட்டோவையும் கொடுத்துப் பதிவு செய்தாள்.

"மாதுளைக்குப் பட்டா வாங்கப் போறியா?" என்று கணவன் சாவ் சிரித்தான்.

"நீ சும்மா இரு."

கல்யாண சீசன் வந்தது. கையிலிருந்ததை எல்லாம் போட்டுக் கிடங்கு நிறைய விரிப்பு அடித்து வைத்திருந்தாள். பார்த்தால், எதிர்க்கடை குவோலியாங் அதே மாதுளையைப் பாதி விலைக்குத் தொங்கவிட்டிருக்கிறான்! சரக்கு தேங்கினால் கடையையே மூட வேண்டியதுதான். நேரே அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரி தாங் அம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நிறையப் பிள்ளை பெறணும்னு போடுற மாதுளை இல்லாம கல்யாண விரிப்பை யாரு வாங்குவா? மாதுளை என்ன, இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று குவோலியாங் எகிறினான்.

"மாதுளை எல்லாருக்கும் பொதுதான். இவங்க வரைஞ்ச படம் இவங்களோடது," என்றார் தாங்.

"இது என் கடை ஆளு சொந்தமா வரைஞ்சது மேடம்!"

"அப்படியா? கிளையில நீலக் கோடு போட்ட துணி ஏதோ கட்டியிருக்கே, அது என்ன?"

"அதுவா... மங்கல நாடா."

"கல்யாணத்துக்கு நீலத்துல நாடாவா? சிவப்புதானே கட்டுவோம்?"

யூஜென் அதற்குமேல் அடக்க முடியாமல் சொன்னாள்: "அட தம்பி, அது எங்க வீட்டுக்காரரோட பட்டாபட்டிடா! புயல்ல கிளை முறிஞ்சுது, அவசரத்துக்குக் கிழிச்சுக் கட்டினேன்."

தாங் பதிவுக் கோப்பிலிருந்த போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். மரத்தில் அதே கிளை, அதே நீலக் கோடு. அறையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், அந்தச் சரக்கை அன்றே கடையிலிருந்து எடுத்துவிடுவதாக குவோலியாங் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அடுத்த தடவை உங்களைக் கேட்டுட்டுத்தான் போடுறேன்."

"கேளு, தரேன். ஓரத்துல என் பேரு இருக்கணும்."

கதை சந்தை முழுக்கப் பரவிவிட்டது. "பட்டாபட்டி மாதுளை இருக்கா?" என்று கல்யாணப் பெண்களே கேட்டு வந்தார்கள். சீசன் முடியும் முன் கிடங்கு காலி. யூஜெனுக்கு மனசு நிறைந்துபோனது. சாவ் மட்டும் வெட்கத்தில் ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லை.

அப்புறம் ஒரு காலை, அவள் புதுப் படத்துக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். கையில் நீலக் கோடு போட்ட ஒரு துணிச்சுருள்.

"மிச்சப் பாதி இருக்கு, இதையும் வரையிறியா?" என்றான். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பதிவு பண்ணிடு, என்ன?"