சகாதேவன் தூக்காத பை

மன அமைதி தேடித் திருவண்ணாமலைக்கு வருகிறவன் கால்ஃப் பையையும் கூடவே கொண்டுவந்தால், அவனுக்கு எவ்வளவு அமைதி கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். என் பெயர் ராஜமாணிக்கம். சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடத்துக்கு முன்பு, மனைவி வினோதினியின் விருப்பத்துக்காக ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் குடிவந்தோம். அவள் காலையும் மாலையும் தியான மண்டபத்தில் கண்ணை மூடி உட்காருவாள். நானும் உட்காருவேன். மூடிய கண்ணுக்குள் எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு வெள்ளைப் பந்துதான்.

சகாதேவனைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். என்னை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாதபடி நானே செய்துகொண்டுவிட்டேன்.

முதலில் அவரைப் பார்த்தது நாங்கள் வீடு மாறிய அன்று. சாமான் இறக்க நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் என் கால்ஃப் பையை சிமெண்ட் மூட்டை மாதிரி இழுத்தார். இன்னொருவர் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டார். பட்டையைத் தோளில் மாட்டி, ஒரு கையால் மட்டைகளின் தலைகளை அணைத்துப் பிடித்து, ஒன்றோடொன்று இடித்து ஒரு சத்தமும் வராமல் மாடிக்குக் கொண்டுபோனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. தோளில் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் இறக்கம்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல கால்ஃப் கிளப்புல பதினெட்டு வருஷம் பை தூக்கனேன் சார். அப்பாவுக்கு முடியலன்னு ஊருக்கு வந்தேன், அப்படியே தங்கிட்டேன்."

ஊர் என்றால் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம். வேர்க்கடலை போடுவார், நிலத்தில் வேலை இல்லாத நாளில் இந்த மாதிரி சுமை வேலைக்கு வருவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் மனைவி வள்ளி பாதையோரம் ஒரு மேஜை போட்டு அவித்த கடலையும் சுண்டலும் விற்பார்.

எனக்கு ஒரு குறை இருந்தது. பழைய ஆபீஸ் நண்பர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடி ஆடுவோம். என் பந்து தூரம் போகாது. நூற்று எழுபது யார்டு போனால் அன்றைக்குத் தீபாவளி. "ராஜமாணிக்கத்தோட பந்து பாதி வழியில பஸ்ஸுக்கு நிக்குது" என்று அறிவுச்செல்வன் வருடா வருடம் சொல்வான், எல்லோரும் வருடா வருடம் சிரிப்பார்கள். அறுபத்தொரு வயதில் இதற்கெல்லாம் ரோஷப்படலாமா என்று கேட்காதீர்கள். பட்டேன்.

சகாதேவனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை வீசச் சொல்லிப் பார்த்தார். "கையால அடிக்கிறீங்க சார். பலம் கீழ இருக்குது, தரையில" என்றார். கிளப்பில் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் பை பக்கத்தில் நின்று பதினெட்டு வருடம் கேட்டவர். ஒரு நாள்கூட அந்தப் புல்லில் அவரை முழு வீச்சு வீச விட்டதில்லையாம்.

கடலை பிடுங்கிய காலி நிலத்தில் பயிற்சி ஆரம்பித்தது. முதல் வாரம் பந்தே கிடையாது. கடலைக்கொடிக் கட்டுகளை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் டிராக்டரில் எறியச் சொன்னார். அவர் வேலையும் முடிந்தது, என் இடுப்பும் முடிந்தது. அடுத்து, மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காற்றில் வீசவேண்டும். "விஷ்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பந்து இருக்கும் இடத்தைத் தாண்டி, இடது காலுக்கு அப்பால் வரவேண்டும். எனக்கு வலது காதுக்குப் பக்கத்திலேயே வந்து தீர்ந்துபோகும். "அங்கியே செலவு பண்ணிட்டீங்களே சார்" என்பார். பிறகு ஒரு பழைய பைக் டயரைத் தரையில் வைத்து அதை அடித்துத் தள்ளுவது. இரண்டு காலையும் சேர்த்து நின்று, வீசும்போது இடது காலை எடுத்துவைத்து அடிப்பது. இரண்டு மாதத்தில் எனக்குச் சட்டை தோளில் இறுக்கமானது. வினோதினி தியானத்தால் என் முகம் தெளிந்துவிட்டது என்று நினைத்தாள்.

பந்து வந்த பிறகு ஒரே ஒரு கட்டளை. இரண்டு பனைமரத்துக்கு நடுவே கட்டிய பழைய மீன் வலைக்குள்தான் அடிக்க வேண்டும். வலைக்கு அப்பால் காலி நிலம், புளியமரங்கள், அதற்கும் அப்பால் கிரிவலப் பாதை. "ஒரு பந்துகூட வெளிய போகக்கூடாது சார். பௌர்ணமின்னா வலையுள்ளகூட வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

ஓய்வெடுக்கும்போது கிளப் கதைகள் சொல்வார். ஒரு பெரிய மனிதர் புதருக்குள் போன பந்தை யாரும் பார்க்காமல் காலால் தள்ளி வெளியே விட்டாராம். சகாதேவன் பார்த்துவிட்டார். அடித்து முடித்து, "எத்தினி அடி ஆச்சு சகாதேவா?" என்று அவர் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நாங்க சொல்லக்கூடாது சார். ஆடறவருதான் சொல்லணும், தப்பு இருந்தாலும் அவரேதான் சொல்லணும். 'நீங்க சொல்லுங்க சார்'னேன். அவரு நாலுன்னாரு. சரின்னுட்டேன். மறுநாள்ல இருந்து அவரு பைய நான் தூக்கல."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நண்பர்கள் ஆட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. வலைக்குள் அடித்தால் சத்தம் கேட்கும், தூரம் தெரியாது. எவ்வளவு போகிறது என்று ஒரே ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எனக்கு அரிப்பு. சகாதேவன் முந்தின நாளே, "நாளைக்கு வேணாம் சார், பௌர்ணமி" என்று சொல்லிவிட்டார். வீட்டில் நாட்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமி புதன்கிழமை என்று போட்டிருந்தது. அவர் சொன்ன நாள் செவ்வாய். ஒரு நாள் முன்னதாகவே பயப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். செவ்வாய் தாளின் அடியில் சின்ன எழுத்தில், மாலை நான்கு பத்துக்குப் பௌர்ணமி ஆரம்பம் என்று இருந்ததை நான் படிக்கவில்லை. ஜனங்கள் தேதியைப் பார்த்துக் கிளம்புவதில்லை, திதி பிறந்தவுடன் கிளம்புகிறார்கள். மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு நிலத்தில் யாரும் இல்லை. வலைக்கு முன்பக்கம் போய் நின்றேன். புளியமரங்களுக்கு நடுவே தலைகள் நகர்வது தெரிந்தது. இதை மறைக்க மாட்டேன், தெரிந்தது. தினமும் நடக்கிறவர்கள்தானே என்று நினைத்தேன். பாதை இருநூறு யார்டுக்கு மேல் இருக்கும், என் பந்து நூற்று எழுபதைத் தாண்டாது என்று நினைத்தேன். இரண்டு மாதம் டயரை அடித்தவன், அடிப்பதற்கு முந்தைய ராஜமாணிக்கத்தை வைத்துத் தூரம் பார்த்தேன்.

அந்த வீச்சு மாதிரி என் வாழ்நாளில் ஒன்று வீசியதில்லை. "விஷ்" சத்தம் இடது காலுக்கு அப்பால் வந்தது. பந்து மரங்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் சந்தோஷத்தில் கையைத் தூக்கினேன். தூக்கின கை இறங்குவதற்குள் பாதையில் ஒரு பெண் அலறினாள்.

ஓடினேன். வள்ளியின் மேஜையைச் சுற்றிக் கூட்டம். கடலையை அளந்து போட்டுக்கொண்டிருந்த வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வள்ளி தரையில் உட்கார்ந்திருந்தார். கை அதற்குள் வீங்கிவிட்டது. "எவனோ குரங்க வெரட்ட கல்லு வுட்டுக்கீறான்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சகாதேவன் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்தார். என் பந்துகளில் நான் இரண்டு சிவப்புப் புள்ளி வைப்பது வழக்கம். அவர் அதைப் பார்த்தார், இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "கார் எடுத்துட்டு வரேன்" என்பதுதான்.

ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டினேன். எலும்பில் விரிசல், நாற்பது நாள் மாவுக்கட்டு. திரும்பும்போது வள்ளி, "அத்தினி பேரு சும்மா நின்னு பாத்தாங்க, நீங்கதான் சார் சாமி மாரி வந்தீங்க" என்றார். நான் கியரை மாற்றினேன். பக்கத்து சீட்டில் சகாதேவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் வினோதினி என்னைப் பாராட்டினாள். அதற்கும் சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல நிலத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன், அவ்வளவு கேவலம். சகாதேவன் வழக்கம்போலவே சொல்லிக்கொடுத்தார். தோளைத் தளர்த்தச் சொன்னார், காலை எடுத்துவைக்கச் சொன்னார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. என் கார் வந்து நின்றதும் அவர்தான் ஓடிவந்து பையை எடுப்பார். அன்றைக்கு வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மட்டைகள் கலகலக்க நானே தூக்கிக்கொண்டு போனேன். தோள் வலியாக இருக்கும் அவருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெரிய மனிதரின் கதை ஞாபகம் வந்தது. வராத மாதிரி நடந்தேன்.

வள்ளி இடது கையால் தண்ணீர் சேந்துவதைப் பார்த்தேன். இடது கையால் பிசைந்து சாப்பிடுவதையும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போய், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னையில் ஆட்டம் நடந்தது. முதல் அடியே இருநூற்றுப் பதினைந்து. அறிவுச்செல்வன் வாயைப் பிளந்தான். "யாருடா கத்துக்கொடுத்தது?" என்றான். சகாதேவன் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சும்மா பிராக்டிஸ் என்றேன். முதல் குழியில் பந்தைப் போட்டு முடித்ததும் அட்டையில் அடிக்கணக்கை எழுத அவன் பென்சிலை எடுத்து, "எத்தனை? நீ சொல்லு" என்று கேட்டான்.

எல்லா ஆட்டத்திலும் கேட்பதுதான். "அஞ்சு" என்று சொன்னேன். ஆடறவருதான் சொல்லணும் என்ற சகாதேவனின் குரல் காதில் கேட்டது. மீதி ஆட்டம் எப்படி ஆடினேன் என்று தெரியாது.

மறுநாள் நேராக அடி அண்ணாமலைக்குப் போனேன். கட்டு பிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. வள்ளி வாசலில் உட்கார்ந்து, வெளுத்துச் சுருங்கிய விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சகாதேவன் பக்கத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தார்.

"வள்ளி, அன்னைக்கு உங்க கையில பட்டது கல்லு இல்ல. என் பந்து. வர வேணாம்னு இவரு சொல்லியும் நான் வந்து அடிச்சேன்" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

வள்ளி விரலை மடக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் சார்."

"இவரு சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. வேட்டி அலசும்போது பந்து விழுந்துச்சு. நான் தெருவுக்கே கேக்கற மாரி கத்தலாம்னு கிளம்பனேன். அவருதான் இரு, சாரே வந்து சொல்வாருன்னாரு. ரெண்டு நாள்ல வருவாருன்னாரு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெனமும் நீங்க வரும்போதெல்லாம் இவரு முறத்த வெச்சிட்டு எழுந்து நிப்பாரு சார். நீங்க ஆப்பிள குடுத்துட்டுப் போவீங்க."

சகாதேவன் உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பந்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"உடுங்க சார். நாளைக்கு வாங்க, இடது கால் இன்னும் லேட்டா வருது உங்களுக்கு" என்றார்.

வள்ளி அவித்த கடலையை ஒரு கிண்ணத்தில் அள்ளி நீட்டினார். வலது கையால் நீட்டினார். கிண்ணம் நடுங்கியது, நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் போனேன். கார் நின்றதும் சகாதேவன் வரப்பில் இருந்து பார்த்து, வணக்கம் சார் என்று சிரித்தார். நான் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் டயரைச் சரிசெய்யக் குனிந்துவிட்டார். பையை நானே தோளில் மாட்டினேன். ஒரு கையால் மட்டைகளின் தலைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் நடக்கப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகிறது. இன்னும் நான்தான் தூக்குகிறேன்.