மெர்சி மிஸ் இரவல் வாங்கிய வாய்

மெர்சி மிஸ் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவரோடு இருந்த அண்ணன் மகள் அல்ல. செங்கலடியிலிருந்து, மகனைத் தேடி அலையும் கண்மணி அக்காதான் தொலைபேசியில் சொன்னார். நான் நீதிமன்றப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். "மிஸ் போயிட்டா தம்பி. காலம தேத்தண்ணி கேட்டவவாம். ஊத்திக் கொண்டு வரக்குள்ள ஆள் இல்ல." நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "இனி ஆரு தம்பி எனக்காகக் கதைக்கிற?" என்று கேட்டார். வழக்கறிஞன் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன். என்னிடம்தான் அதைக் கேட்டார்.

எங்கள் புளியந்தீவில் உள்ளவர்களுக்கு மெர்சி மிஸ்ஸை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம், கலியாணம் கட்டாதவர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக நாங்கள் நடத்தும் சிறிய சட்ட உதவி அலுவலகத்துக்கு அடுத்த வாரமே குடையும் கையுமாக வந்துவிட்டார். விசாரணைக் குழு வந்தாலும் சரி, வெளிநாட்டு நிபுணர் வந்தாலும் சரி, எங்கள் பெண்கள் தமிழில் சொல்வதை மிஸ்தான் ஆங்கிலத்தில் சொல்வார்.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. சாட்சி சொல்ல வந்த பெண்ணின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "உங்கட வாயக் கொஞ்சம் இரவல் தாங்க அம்மா" என்பார். அதன்பின் அந்தப் பெண்ணாகவே பேசுவார். "தன் மகனைக் கொண்டுபோனார்கள் என்று இவர் சொல்கிறார்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "என் மகனைக் கொண்டுபோனார்கள்" என்றுதான் சொல்வார். வந்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு யார் மகன் என்று குழம்பும், சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று ஆரம்பத்தில் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். மிஸ் அசையவில்லை. "‘இவ சொல்லுறா’ எண்டு சொன்னா நான் வேலிக்கு அங்கால நிக்கிறன் எண்டு அர்த்தம் மனே. கதவைச் சாத்திப்போட்டு யன்னலால எட்டிப் பாக்கிற மாதிரி."

காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் ராத்தா வந்தபோது ஊரில் முணுமுணுத்தார்கள். அவருடைய கணவரை நடுவழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனவர்கள் தமிழ் இயக்கத்துக்காரர்கள். "அந்தப் பக்கத்துக்கும் போய்க் கதைக்கிறாவாம்" என்று ஒருவர் என்னிடமே வந்து குறைப்பட்டார். மிஸ்ஸிடம் சொன்னேன். "கொண்டுபோனது ஆரு எண்டு விசாரிச்சிப்போட்டு அழுறத்துக்கு எனக்குத் தெரியாது" என்றார். அன்று ராத்தாவின் பக்கத்தில் இருந்து, "என் கணவர்" என்று தொடங்கிக் கடைசி வரை குரல் பிசகாமல் சொல்லி முடித்தார். வெளியே வந்ததும், "கலியாணமே கட்டாம எத்தினை புருஷன்மாரைத் தொலைச்சிட்டீங்க மிஸ்" என்று சீண்டினேன். சிரித்தார். பிறகு பஸ் வரும் வரை குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார்.

கண்மணி அக்காவின் கதைதான் அவரை உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. அதை எத்தனையோ குழுக்களின் முன்னால் மிஸ் சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். "என்ட மகன் நீலச் சாரம் உடுத்திருந்தவன். கோப்பையில பாதிச் சோறு கிடந்த. ‘வந்து சாப்பிர்றன், மூடி வையுங்க’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கூட்டிப்போக வந்தவனுகளோட போன. இண்டைக்கும் வாசல் படலை சத்தம் கேட்டா நிமிர்ந்து பாக்கிறன்."

ஒருமுறை வந்த நிபுணர் ஒருவர் மரணச் சான்றிதழைப் பற்றிக் கேட்டார். அதை ஏற்றுக்கொண்டால் விடயம் ஒரு முடிவுக்கு வருமே, சம்மதமா என்று. மிஸ் அதைத் தமிழில் சொன்னார். கண்மணி அக்கா பதில் சொல்லாமல் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார். மிஸ்ஸும் அதே யன்னலைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். நிபுணர் காதில் மாட்டியிருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பு வரவில்லை என்றார். மிஸ் திரும்பாமலே ஆங்கிலத்தில், "வந்துகொண்டிருக்கிறது" என்றார். வெகுநேரம் கழித்து அக்கா, "மூடி வைக்கச் சொன்னவன் வராம, நான் எப்பிடி அவன்ட சோத்தைக் கொட்டுற?" என்று கேட்டார். மிஸ்ஸின் ஆங்கிலத்திலும் அது அதே கேள்வியாகத்தான் வந்தது. பிறகு வெளியான அறிக்கையில், சாட்சி சான்றிதழை ஏற்க மறுத்தார் என்று ஒரு வரி இருந்தது. சோற்றைக் காணோம்.

அன்று கல்லடிப் பாலத்தில் நடந்து வரும்போது மிஸ் கேட்டார்: "தொடர் குற்றம், தொடர் குற்றம் எண்டு சொல்லுறீங்களே மனே, அது என்ன?" நான் வழக்கம்போல் விரிவுரை எடுத்தேன். சர்வதேசச் சட்டத்தில் ஒருவரைக் காணாமலாக்குவது அவரைக் கொண்டுபோன நாளோடு முடிந்துவிடுவதில்லை, அவருக்கு என்ன நடந்தது என்று மறைத்து வைத்திருக்கும் காலம் முழுவதும் அந்தக் குற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்றேன். மிஸ் நின்றுவிட்டார். "அப்ப இப்பயும் நடக்குது. நாம இதில நிண்டு கதைக்கக்குள்ளயும்" என்று சொல்லித் திரும்பிப் பார்த்தார். பாலத்தில் யாரும் இல்லை. புத்தகத்தில் எத்தனையோ தரம் படித்த சட்டம்தான் அது. அன்று அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

காசாவில் குண்டு விழத் தொடங்கிய பிறகு மிஸ் வீட்டுத் தொலைக்காட்சி ஓயவில்லை. ஒரு பின்னேரம் போனபோது, இடிந்த சுவர் ஒன்றின் முன்னால் ஒரு பெண் அரபியில் கதறிக்கொண்டிருந்தாள். ஆங்கிலக் குரலொன்று அவளுக்கு மேலே ஏறி, "தன் பிள்ளைகள் உள்ளே இருப்பதாக இவர் கூறுகிறார்" என்றது. "கூறுறாவாம்!" என்று மிஸ் கத்தியதில் எனக்குத் தந்த தேநீர் சிந்தியது. பிறகு கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை வாசித்து, அந்த வெறும் கூடத்துக்குள் தமிழில் சொல்லத் தொடங்கினார்: "என்ட புள்ளைகள் உள்ளுக்க இரிக்கிதுகள். சத்தம் கேட்குது. ஆராவது வாங்க." கேட்பதற்கு நான் ஒருவன்தான். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கட சட்டம் பிளேன் ஏறி உலகமெல்லாம் போகுது. கண்மணிட வளவுக்கு வாறத்துக்கும் வழி தெரியல்ல, அந்தப் புள்ளைட வாசலுக்குப் போறத்துக்கும் வழி தெரியல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல.

தன் துக்கத்துக்கென்று மிஸ்ஸிடம் வேறொரு மொழி இருந்தது. சகோதரியோடு மட்டும் வீட்டுப் போர்த்துக்கேய மொழியில் பேசுவார். சகோதரி இறந்தபின் அதைப் பேச ஆள் இல்லை. கடைசி மாதங்களில் நினைவு தடுமாறத் தொடங்கியபோது அந்த மொழிதான் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. "என்ட மகன் வந்திட்டானா?" என்று கேட்கத் தொடங்கினார். நீலச் சாரம் என்றார். சோற்றை மூடச் சொன்னார். அண்ணன் மகள் பயந்துபோய், மாமிக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை இருந்ததா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

நான் கண்மணி அக்காவைக் கூட்டிப் போனேன். மிஸ் அவரை அடையாளம் காணவில்லை. "என்ட மகனைக் கண்டீங்களா அம்மா?" என்று அவரிடமே கேட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அக்கா கட்டிலில் அமர்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் வரல்ல மிஸ். நான் படலையப் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். நீங்க கொஞ்சம் படுங்க." மிஸ் அமைதியானார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அக்கா, "என்ட வாய இரவல் வாங்கினவ திருப்பித் தர மறந்திட்டா. கிடக்கட்டும் தம்பி, அவட்டயே இரிக்கட்டும்" என்றார்.

அடக்கப் பூசையில் பாதர் நல்லவிதமாகவே பேசினார். மிஸ் தனக்கென்று பிள்ளைகள் இல்லாதவர், பிறருக்காக வாழ்ந்தவர் என்றார். பின்வரிசை வாங்கிலிருந்து கண்மணி அக்கா எழுந்தார். "ஒரு மகன் இரிக்கான் பாதர். இன்னும் வரல்ல." எங்கள் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அழுகை கிளம்பியது. காத்தான்குடி ராத்தா கோயில் வாசலில் நின்றபடியே அழுதார்.

போன வாரம் மறுபடியும் ஒரு குழு வந்தது. மொழிபெயர்க்க ஆள் இல்லை. கண்மணி அக்காவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு நான் அமர்ந்தேன். வாயை இரவல் கேட்க வெட்கமாக இருந்தது. அக்காவே, "கதையுங்க தம்பி" என்றார். "என் மகன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். எனக்கு இருப்பது ஒரு மகள் மட்டும். ஆனாலும் நீலச் சாரத்தில், கழுவாத கையோடு, அவன் என் முன்னால் நின்றான். கடைசி வரை ‘நான்’ என்றே சொல்லி முடித்தேன். மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ‘நான்’தான். அதை எங்கே கழற்றி வைப்பதென்று அவர் சொல்லித் தரவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

நேற்றுப் பின்னேரம் வாவிக் காற்றுக்கு எங்கள் வீட்டுப் படலை சத்தம் போட்டது. நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரப் பாக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

ஒருவருமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னும் வரல்ல" என்றேன்.